கேள்வி எண் இருபத்தேழு

பதினான்கு பக்கக் கேள்வித்தாளோடு
அரூரில் பஸ் மாறி, கோட்டப்பட்டி தாண்டி இறங்கினேன்.
தண்டாவின் பெயரையே
தப்பாக அச்சடித்திருந்தது என் பல்கலைக்கழகம்.
முதல் திருத்தம் அதுதான்.

'உற்பத்தி மையம்' என்று ஆவணம் சொன்னது
மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில்
ஒரு தகரக் கொட்டகை.
ஏழு பெண்கள், ஒரு மின்விசிறி.
நாள்காட்டியில் வட்டமிட்ட தேதிகளைப்
பண்டிகை என்று எழுதிக்கொண்டேன்.
பெங்களூருக்குப் பெட்டி போகவேண்டிய நாட்களாம்.
இரண்டாவது திருத்தம்.

"ஒரு சதுர அங்குலம் போட எத்தனை நிமிடம்?"
ரூப்லிபாய் ஊசியை நிறுத்தவில்லை.
"கரண்டு இருந்தாலா, இல்லாட்டியா?
கண்ணாடி வச்சா, வைக்காமலா?
புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போதா?"
என் தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது,
இரண்டு இலக்கம் கொள்ளும் அளவில்.

கிழங்கு பிடுங்கும் மாதத்தில்
கூலி முந்நூற்றைம்பது, மதியச் சோறு தனி.
அப்போது ஒருத்தியும் ஊசி தொடுவதில்லை.
என் ஆசிரியர் இதை
வாய்ப்புச் செலவு என்று கரும்பலகையில் எழுதுவார்.
சோனிபாய் மரவள்ளி என்றாள்.

முந்நூற்றுப் பத்துக்கு இங்கிருந்து போகும் திண்டு உறை
ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்குத் தொங்குவதை
போனில் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.
அதிர்ச்சியைப் பதிவுசெய்யக் காத்திருந்தேன்.
"ஏசி போட்டிருப்பான்," என்றாள் ஒருத்தி.
"வாடகை இருக்கும்."
"தொங்கவிட்டிருக்கிற மூங்கில் நல்லாருக்கு,
அது என்ன விலை?"

விலைச்சீட்டைப் பெரிதாக்கிப் படித்தார்கள்.
'பழங்குடிக் கலை' என்றிருந்தது.
கொட்டகையே சிரித்தது.
தாலுகா ஆபீசில் இதே சொல்லைக் கேட்டுப்போனால்
பட்டியலில் உங்கள் சாதி இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள்.
துணிக்குக் கிடைத்த சர்டிபிகேட்
தைத்தவளுக்குக் கிடைக்கவில்லை.
அதற்கும் என் தாளில் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

கணக்குப் பார்ப்பவள் மேனகா.
பிளஸ் டூ, வணிகவியல்.
நோட்டை என் பக்கம் திருப்பினாள்:
நூல், கண்ணாடி வில்லை, சோழி,
அரூர் வரைக்கும் பெட்டிக்கு அரை டிக்கெட்,
சிவப்புச் சாயம் இறங்கித் திரும்பி வந்த உறை நாற்பது
(அதில் ஒன்றுக்குள்தான் இந்த நோட்டே இருக்கிறது).
கடைசி வரி, மை காயாமல்:
"சர்வே மேடம் வந்தது. ஏழு பேர், மூணு மணி நேரம்.
வேலை நடக்கவில்லை."
எதிரே ஒரு தொகை, சிவப்பில்.

"உங்களுக்கு இதுக்கு எவ்வளவு குடுக்கிறாங்க?"
எந்தத் தயக்கமும் இல்லாமல் கேட்டாள்,
நான் காலையிலிருந்து கேட்ட மாதிரியே.
உதவித்தொகையைச் சொன்னேன்.
முப்பதால் வகுத்தாள், எட்டால் வகுத்தாள்.
வந்த விடையை
என்னிடம் சொல்லாமல் ஓரத்தில் எழுதி
பேனாவை மூடினாள்.

போகும்போது பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள்.
மினிபஸ்சில் மடியில் வைத்துக்கொண்டேன்,
கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.
உள்ளே முப்பத்தாறு உறைகள்,
எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது.
மொரப்பூர் ரோட்டில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
அரூர் போய்ச் சேரும்போது
கூரியர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிப்
பூட்டிக்கொண்டிருந்தார்.
"காலைல ஒன்பதரைக்கு வாங்க."

மேனகாவுக்கு போன் பண்ணினேன்.
பெட்டியோடு லாட்ஜில் தங்கப்போகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு:
"ரூம் வாடகை யார் கணக்குல, மேடம்?"